பெருக்காத மரத்தடி

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு பங்களா இருந்தது. அறுபதுகளில் அதன் வாசலில் கார்கள் நின்று நின்று போகும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தலையோடு இறங்கி, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பங்களாவைப் பார்க்க அல்ல. அதைவிடப் பெரிய பங்களாக்கள் அந்தச் சாலையில் எத்தனையோ உண்டு. ஒரு மா, ஒரு பலா, ஒரு நாவல் என்று மூன்று கிழட்டு மரங்கள், அவற்றின் அடியில் மண்ணே தெரியாமல் பூத்துக் கிடக்கும் தரை, இவைதான் அவர்களை இறங்க வைத்தவை. வெயிலே படாத இடத்தில் இப்படியெல்லாம் பூக்குமா என்று கேட்பார்கள். எந்த ஊர் நர்சரியில் வாங்கியது என்று கேட்பார்கள். "நர்சரியும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் நீங்க வார வழியில கெடந்ததுதான்" என்பாள் கதவுக்கு அந்தப்பக்கம் நிற்கும் அம்மாள். கேட்டவர்களுக்குச் சுருக்கென்று இருந்தால் அதற்கு அவள் பொறுப்பல்ல.

அவள் பெயர் முப்பிடாதியம்மாள். தோட்ட வேலை தெரிந்து அந்த பங்களாவுக்கு வந்தவள் இல்லை. பெருக்க வந்தவள்.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய அவள் புருஷன் சுடலையாண்டிக்கு நாற்பத்தேழில் அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கி அரை டிராயரும் கைத்தடியுமாக அவன் கேட்டுப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். உள்வேலை முழுக்க முப்பிடாதி தலையில் விழுந்தது. ஒரே மகளை இலத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு அவளுக்கு வேறு கவலையும் இல்லை, வேறு பெருமையும் இல்லை. இருந்த பெருமையெல்லாம் வாரியலில் இருந்தது. விடிந்ததும் ஈர்க்கு வாரியலை எடுத்தாளென்றால், பின்னுக்கு நடந்தபடியே பெருக்குவாள். முன்னுக்கு நடந்தால் பெருக்கிய மண்ணில் தன் காலடி பதிந்துவிடுமாம். அவள் பெருக்கி முடித்த மண்ணில் தலை வாரியது போல வரிவரியாகக் கோடு கிடக்கும். மூன்று மரமும் உதிர்த்ததை ஒரு சருகு விடாமல் அள்ளி மூலையில் கொண்டுபோய் எரித்துவிடுவாள்.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. முற்றத்தை வைத்துத்தான் வீட்டை எடைபோடுவார்கள். வாசலில் நாலு சருகு கிடந்தால் "ஆளில்லாத வீடோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் வேண்டியதில்லை. முப்பிடாதி பெருக்கின இடத்தில் சோற்றைக் கொட்டித் தின்னலாம் என்று ஊரே சொன்னது. கேட்டுக்கேட்டு அவளும் நம்பினாள்.

பங்களா முதலாளி ஞானதுரை பாளையங்கோட்டையில் பஞ்சு வியாபாரி. நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். கொடைக்கானலுக்குப் போன இடத்தில் ஒரு பங்களா முன்னால் பச்சைப் புல்தரையில் நாற்காலி போட்டு டீ குடித்தார்களாம். அன்று பிடித்தது அவருக்குப் புல் பைத்தியம். மூன்று வருஷம் லாரியில் புல் பத்தை வந்து இறங்கியது. சாரல் காலத்தில் பச்சையாகத் தலை தூக்கும். கார்த்திகையில் மஞ்சளாகும். தையில் செத்துப்போகும். பங்குனியில் அவர் குடும்பத்தோடு வந்து இறங்கும்போது முப்பிடாதி பெருக்கிய செம்மண்தான் வரிவரியாக வரவேற்கும். மூன்று தோட்டக்காரர்கள் மாறினார்கள். கடைசியாக வந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, நிழல்தான் காரணம், மரம் மூன்றையும் எடுத்துவிட்டால் புல் தானாக வரும் என்று சொல்லிவிட்டுத் தென்காசி பஸ் ஏறிவிட்டான். சொல்லிவிட்டுப் போகிறவனுக்கென்ன?

ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு முப்பிடாதியும் சுடலையாண்டியும் கடையத்துக்குப் போனார்கள். அங்கே மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரைச் சோலையில் அவர்கள் குடும்பத்துச் சாஸ்தா இருக்கிறார். வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. உத்திரத்தன்று மட்டும் பங்காளிகள் எல்லாம் வண்டி கட்டி வந்து பொங்கலிடுவார்கள். முப்பிடாதி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். ஆனால் பொங்கிய பானையைப் பார்த்தாளே தவிர, கீழே பார்த்ததில்லை. அந்த வருஷம் கால் வலிக்கிறதென்று ஒரு மருதமர வேரில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

பங்களாவைவிட அங்கே இருட்டு அதிகம். நடுப்பகலிலும் மண்ணில் வெயில் காசளவுக்குக்கூட விழவில்லை. ஆனால் தரையெல்லாம் பூ. ஓலை மாதிரி இலைக்கு நடுவே நிலப்பனை மஞ்சள் நட்சத்திரமாகப் பூத்திருந்தது. ஆனைச்சுவடி மண்ணோடு இலையை அப்பிக்கொண்டு ஊதாப் பூவை மட்டும் தூக்கிக் காட்டியது. ஓரிடத்தில் செடி என்று ஒன்றுமே இல்லை, இலையும் இல்லை, மண்ணிலிருந்து நேராகப் பூ மட்டும் கிளம்பியிருந்தது. வெள்ளையும் ஊதாவுமான இதழ், கிட்டே குனிந்தால் நல்ல வாசனை. இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

இங்கே யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? யாருமில்லை. யார் பெருக்குகிறார்கள்? அதுவும் யாருமில்லை. சாஸ்தா சோலையைப் பெருக்கக் கூடாது, வெட்டக் கூடாது, ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பொங்கலுக்கு விறகே வீட்டிலிருந்துதான் வரும். முப்பிடாதி சருகை விரலால் விலக்கினாள். மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே கறுத்த ஈரமண். கையில் எடுத்தால் புட்டுமாவு போல உதிர்ந்தது. பங்களா மண்ணில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். அதை நினைத்தாள். பத்து வருஷமாகத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த இலையில்லாப் பூவில் ஒன்றைக் கிண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று கை போனது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் சாஸ்தா இடமாயிற்றே. கையில் ஒட்டியிருந்த மண்ணை அங்கேயே தட்டிவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் ஈஸ்டர். ஞானதுரை வந்து இறங்கினார். வெறுந்தரையைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், முடிவைச் சொன்னார்.

"மூணு மரத்தையும் எடுத்திருவோம். வெயில் விழட்டும்."

சுடலையாண்டி சரி மொதலாளி என்று தலையாட்டினான். பெண்டாட்டிக்குக் குப்பை குறையும் என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். முப்பிடாதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, தப்பு மரத்து மேல இல்ல. எம் மேல."

"நீ என்ன பண்ணுன?"

"பெருக்குனேன். பத்து வருசமா ஒரு எலைய மண்ணுல மக்க விடல. ஒரு வெதைய மொளைக்க விடல. எல்லாத்தையும் கூட்டி அள்ளி எரிச்சிட்டேன். நெழலுக்குன்னே உள்ள செடி இருக்கு மொதலாளி. அது வரத்தான் நான் விடல. நான் செஞ்சதுக்கு மரம் எதுக்குச் சாகணும்?"

"இப்ப என்ன செய்யணும்ங்குத?"

"ஒரு வருசம் குடுங்க. மரத்தடியப் பெருக்காம இருக்கேன்."

ஞானதுரை சிரித்துவிட்டார். லீவு கேட்கிற வேலைக்காரர்களைப் பார்த்திருக்கிறார். பெருக்க வைத்த ஆளே பெருக்காமல் இருக்கட்டுமா என்று உத்தரவு கேட்பது அவருக்குப் புதிது. அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "சருகு கெடந்தா பாம்புல்லா அடையும்?" என்றார்.

"கேட்டுலேருந்து படி வரைக்கும் வண்டி போற அகலத்துக்கு வழி விட்டுப் பெருக்கிருதேம்மா. வழியில பாம்பு வந்தா நான் பொறுப்பு."

முதலாளி மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "சரி. அடுத்த ஈஸ்டருக்கு மறுநா திங்கக்கெழம மரம் வெட்டுத ஆளையும் வரச் சொல்லிட்டுத்தான் நான் வருவேன். மூணு மரத்தடியும் பச்சையா இருந்தா மரம் நிக்கும். இல்லேன்னா மரமும் வேண்டாம், நீங்களும் வேற எடம் பாத்துக்கிடுங்க" என்றார்.

கார் போனதும் சுடலையாண்டி குதித்தான். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மரம் அவாளுது, எடம் அவாளுது. ஒனக்கென்ன வந்துச்சு? இந்த வேலையும் போச்சுன்னா எங்கன போயி நிக்க?"

"அது நெழலுலதான் பத்து வருசமா இருக்கோம். எங்கையால அதைக் காவு குடுக்கச் சொல்லுதீகளா?" என்றாள் அவள். அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போய்விட்டான். பேசினாலும் நடக்காது என்று தெரியும்.

செடி வளர்ப்பதைவிடப் பெருக்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. விடிந்ததும் கை தானாக வாரியலைத் தேடும். மரத்தடி ஓரம் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவாள். அந்த ஆத்திரத்தையெல்லாம் பாதை மேல் காட்டினாள். வண்டி அகலத்துக்கு விட்ட அந்தப் பாதையை ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்கினாள். சாலையில் போகிறவர்கள் சும்மா போனார்களா? "என்ன முப்பிடாதி, ஒடம்புக்கு முடியலையா?" என்றார்கள். "பங்களாவ வித்தாச்சா?" என்றார்கள். இருபது வீட்டு முற்றத்துக்கு உதாரணமாக இருந்தவள், அந்த ஒரு மாசத்தில் ஊர்ச் சோம்பேறிப் பட்டம் வாங்கிக்கொண்டாள். காதில் விழாததுபோல இருந்தாள், ஆனால் விழுந்தது.

முதல் முயற்சியும் சொதப்பியது. தென்காசிப் பாதையில் மேய்ச்சல் தரையில் விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு கூடை பெயர்த்து வந்து நாவல் மரத்தடியில் நட்டாள். பத்தே நாளில் வெளுத்துச் செத்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். எங்கே போனாலும், ஒரு செடி கண்ணில் பட்டால் முதலில் குனிய மாட்டாள், அண்ணாந்து பார்ப்பாள். தலைக்கு மேலே வானம் தெரிந்தால் அந்தச் செடி வேண்டாம். இலையும் கிளையும்தான் தெரிகிறது என்றால் அப்புறம் குனிவாள். எந்தப் படிப்பும் படிக்காத ஒருத்தி தானாகக் கண்டுபிடித்த இந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. எதை நடலாம் என்று புத்தகம் பார்ப்பவர்கள் பலர், அண்ணாந்து பார்க்கத் தோன்றியவர்கள் எத்தனை பேர்?

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் வேலை சூடு பிடித்தது. இறுகிக் கிடந்த தரையைக் களைக்கொத்தியால் கொத்தினாள். மரத்து வேர் அறுபடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சாண் ஆழத்துக்கு மேல் போகவில்லை. இப்போது எரிக்காமல் மூலையில் குவித்து மக்கவிட்ட சருகையும் சாணத்தையும் கலந்து குழியில் போட்டாள். தோட்டத்தை ஒட்டிப் போகும் வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் வல்லாரையைப் பரவவிட்டாள். மர நிழல் முடிகிற விளிம்பில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். அங்கே பொடுதலை. உள்ளே போகப் போக நிலப்பனை, ஆனைச்சுவடி. செங்கோட்டைப் பக்கத்துக்காரிகள் முக்குற்றி என்கிற, குடை விரித்தது போல இலை வைத்து மஞ்சளாகப் பூக்கும் சின்னஞ்சிறு செடி ஒன்று. இலஞ்சி மாந்தோப்பு வரப்பில் யாரும் சீந்தாமல் கிடந்த காட்டுக் கனகாம்பரத்தில் கொஞ்சம். சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போனபோது, தேங்காய் உரித்த கதம்பை மட்டைகளை வரிசையாகப் பதித்துத் தடுத்தாள். சருகு விழுந்தது, விழ விட்டாள். செடியை மூடியதை மட்டும் கையால் எடுத்துப் பக்கத்தில் போட்டாள்.

பலா மரத்தடிதான் வழிக்கு வரவில்லை. மூன்றிலும் அதுதான் அடர்ந்த இருட்டு. எதை நட்டாலும் ஏங்கிப் போயிற்று. சோலையில் பார்த்த அந்த இலையில்லாப் பூ வந்தால் இங்கே வரும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தென்காசியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த துல்கர்னைனிடம் போய்க் கேட்டாள்.

"பேரு தெரியாது பாய். எலையே இல்லாம மண்ணுலேருந்து பூ மட்டும் வருது. வெள்ளையும் ஊதாவுமா இருக்கும். அடியில மஞ்சக்கெழங்கு மாதிரி ஒண்ணு இருக்கணும்."

"தோண்டிப் பாத்தியா?"

"சாஸ்தா எடத்துல தோண்டுவேனா?"

"பின்ன கெழங்குன்னு எப்பிடிச் சொல்லுத?"

"எலை இல்லாத செடிக்குச் சோறு எங்கேருந்து வரும்? அடியில கட்டிவச்சிருந்தாத்தானே?"

துல்கர்னைன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து வந்த சாக்கைப் பிரித்து, காயாத பச்சைக் கிழங்காகப் பொறுக்கி மடி நிறையப் போட்டார். "அரைக்க வாங்குவாக, அவிக்க வாங்குவாக. நட வாங்குத மொத ஆளு நீதான் தாயி" என்றார்.

நட்ட கிழங்கு பதினைந்தே நாளில் முளைத்தது. அகலமான இலை, அடிப்பக்கம் ஊதாச் சாயம். முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வோர் இலையாக மஞ்சளாகிச் சாய்ந்தது. மார்கழியில் பலா மரத்தடியில் வெறும் சருகுதான் மிச்சம். செத்துவிட்டதா, தூங்குகிறதா? ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் அவள் தோண்டவில்லை.

பங்குனி வந்தது. மா, நாவல் இரண்டின் அடியிலும் மண் தெரியவில்லை. குடம் குடமாக வாய்க்காலிலிருந்து சுமந்து ஊற்றியதற்குச் செடிகள் நன்றி காட்டின. மஞ்சளும் ஊதாவும் கனகாம்பரச் சிவப்புமாகப் பூத்துத் தள்ளின. சோம்பேறிப் பட்டம் கொடுத்த அதே ஆட்கள் இப்போது கதவில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். பலா மரத்தடி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலையில் வருகிறார், மரம் வெட்டும் பேச்சிமுத்துவுக்கும் சொல்லியாயிற்று.

அந்த வருஷம் உத்திரம் ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. பங்களாவைப் பூட்டிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் போக முடியாது. சுடலையாண்டி இருந்துகொண்டான். முப்பிடாதி பங்காளிகளோடு கடையம் போய், பொங்கலிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பினாள். கேட்டைத் திறந்ததும் மூக்கில் சருகு எரிந்த வாசனை அடித்தது.

நடந்தது இதுதான். சுடலையாண்டி தனியாக உட்கார்ந்து பலா மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு மரத்தடி சோலையாக இருக்க, இது மட்டும் குப்பைமேடாகக் கிடக்கிறதே, முதலாளி வந்தால் என்ன நினைப்பார்? பூதான் இல்லை, சுத்தமாகவாவது இருக்கட்டும். பிறந்ததிலிருந்து வாரியலைத் தொடாத கை. பட்டாளத்தில்கூடத் துப்பாக்கியைத்தான் துடைத்திருக்கிறான். அந்தக் கை மண்வெட்டியால் சருகைச் சுரண்டி, பெருக்கி, அள்ளி, எரித்து முடித்திருந்தது. பெருக்கியவிதமும் அலங்கோலம். மண் முழுக்க அவன் காலடி.

"யாரு செஞ்சது இது?"

"நாந்தான். நீ பெருக்குன மாதிரியே இருக்கு பாரு" என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய.

முப்பிடாதி பலா மரத்தடிக்கு ஓடினாள். ஒரு வருஷத்துச் சருகு. அடியில் கிழங்குக்கு உயிர் இருந்திருந்தாலும் மண்வெட்டி விட்டுவைத்திருக்குமா? வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டு கையிலும் கொப்புளம். நாம் வேற எடம் பாக்கணுமே என்ற பயத்தில், பேசாமல், தனக்குத் தெரிந்த மட்டும் செய்திருக்கிறான். அவளுக்கு அழுகைதான் வந்தது. "நல்லாத்தான் பெருக்கியிருக்கீக. கைக்கு எண்ணெய் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பொறுமைக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அன்று சாயங்காலம் இடி இடித்தது. கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சுரண்டிப்போட்ட மண்ணில் தண்ணீர் வழியாமல் உள்ளே இறங்கியதை முப்பிடாதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு வருஷம் மக்கியது வீணாகவில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

சனிக்கிழமை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலையாண்டிதான் முதலில் பார்த்தான். "ஏட்டி! ஓடியா இங்கன!" என்று அவன் போட்ட சத்தத்தில் பாம்புதான் வந்துவிட்டது என்று கம்போடு ஓடினாள். பலா மரத்தடியில் மண் அங்கங்கே வெடித்திருந்தது. வெடிப்பில் எல்லாம் கூர்மையாக ஊதா மொட்டு. மண்வெட்டி மேலாகத்தான் சுரண்டியிருக்கிறது. கிழங்கு பத்திரமாக இருந்திருக்கிறது. திங்கட்கிழமை விடிந்தபோது நாற்பது ஐம்பது பூ. இலை இல்லை, தண்டு இல்லை, மழையில் நனைந்த செம்மண்ணும் அதன்மேல் பூவும்தான். தான் சுரண்டிவிட்டதால்தான் பூத்தது என்று சுடலையாண்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். முப்பிடாதியும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று முதலில் வந்தவன் பேச்சிமுத்து. ரம்பமும் கோடாலியும் வடக்கயிறுமாகக் கூட ஒரு ஆள். கேட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். சாமான்களைப் பாதையிலேயே இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். முப்பிடாதி கொடுத்த நீராகாரத்தைக் குடித்தான்.

எட்டு மணிக்குக் கார் வந்தது. ஞானதுரை இறங்கி மாமரத்தடியைப் பார்த்தார், நாவல் மரத்தடியைப் பார்த்தார். பலா மரத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் மனைவி குனிந்து வாசனை பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். முதலாளி முகம் இளகவில்லை. மூன்று வருஷம் லாரி லாரியாக இறக்கியும் நடக்காததை ஒரு பெருக்குகிறவள் செய்து காட்டிவிட்டாள் என்றால் ஒத்துக்கொள்வது லேசா?

"நான் கேட்டது புல்லு" என்றார்.

"பச்சையா இருந்தாப் போதும்னீகளே மொதலாளி" என்றாள் முப்பிடாதி.

"இது பச்சையா? இதுல ஒரு எலையாவது இருக்கா?" பலா மரத்தடியைக் கையால் காட்டினார். "மூணு மரத்தடியும்னு சொன்னேன். ரெண்டு மரம் நிக்கட்டும். பேச்சிமுத்து, பலாவ மட்டும் எடுத்திரு."

முப்பிடாதி பலாவை அண்ணாந்து பார்த்தாள். அவர் சொன்னது சொன்னபடிதான் இருந்தது. சுடலையாண்டி தரையைப் பார்த்தான்.

பேச்சிமுத்து எழுந்தான். கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு பலா மரத்தடி ஓரத்துக்குப் போனான். வலது காலைத் தூக்கினான். கீழே பார்த்தான். தூக்கிய காலைப் பின்னால் வைத்தான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் போனான். அங்கேயும் காலைத் தூக்கினான், அங்கேயும் பின்வாங்கினான். மூன்றாவது பக்கமும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முதலாளி முன்னால் நின்றான்.

"என்ன?" என்றார் ஞானதுரை.

"எங்கன நின்னு வெட்ட மொதலாளி? கால் வைக்க எடமில்லையே." கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினான். "நீங்க வந்து மொதக் காலை வையுங்க. பொறவு நான் வெட்டுதேன்."

ஒரு மரம் வெட்டுகிறவன் தன்னிடம் இப்படிப் பேசுவான் என்று ஞானதுரை எதிர்பார்க்கவில்லை. விறுவிறுவென்று ஓரம் வரை போனார். பூட்ஸ் காலைத் தூக்கவும் செய்தார். அதற்கு நேர் கீழே, அப்போதுதான் மண்ணைக் கீறிக்கொண்டு பாதி விரிந்த பூ ஒன்று. மனிதர் அப்படியே நின்றார். பிறகு காலைப் பாதையில் வைத்தார்.

"இதுக்கு எப்பத் தண்ணி ஊத்துவ?" என்றார் முப்பிடாதியைப் பார்க்காமல்.

"அந்தியில, மொதலாளி."

"சரி, ஊத்து." டிரைவர் பக்கம் திரும்பினார். "நாற்காலியெல்லாம் வழியிலயே போடு. இங்கயே உக்காந்து டீ குடிக்கலாம்."

முப்பிடாதி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பிறகு விடுவிடுவென்று அடுக்களைக்குப் போய், மரம் வெட்ட வந்த இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பின்வாசலுக்கு வந்த பேச்சிமுத்து, அரிசி களைந்துகொண்டே அவள் பொங்கிப் பொங்கி அழுவதைப் பார்த்துவிட்டான்.

"என்ன மயினி, மரந்தான் நின்னுட்டுதே. எதுக்கு அழுதீக?"

"பத்து வருசமா என் கையாலயே கொன்னுக்கிட்டு இருந்தேம்லே" என்றாள் முப்பிடாதி. "உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ."